பால் பொங்கி அடுப்பு அணைந்த காலை

போன மாதம் எங்கள் டாலிகஞ்ச் வீட்டுக்குக் குழாய் கேஸ் இணைப்புக் கொடுக்க இரண்டு பேர் வந்தார்கள். சமையலறைச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். கூரைக்கு ஒரு சாண் கீழே பென்சிலால் வட்டம் போட்டு, "காற்றுத் துளை இங்கேதான் வரும், காகு" என்றார் மூத்தவர். இந்த ஊரில் என் வயசுக்காரன் எல்லாருக்குமே காகுதான், சித்தப்பா மாதிரி. 

முப்பது வருஷத்துக்கு மேல் இதே கல்கத்தாவில் வீடு வீடாகப் போய், "துளை கீழே இருக்கணும், தரையை ஒட்டி இருக்கணும்" என்று தொண்டை வற்றச் சொன்னவன் நான். இவர்கள் கூரையில் போடுகிறார்களே!

"கேஸ் கீழேதானே இறங்கும்?" என்று கேட்டேன்.

"அது சிலிண்டர் கேஸ், காகு. காத்தைவிட கனம், இறங்கும். இது காத்தைவிட லேசு, மேலே போகும். பயப்படாதீங்க."

சரிதான், காரணத்தோடு சொல்கிறார். ஆனால் அடுத்து ஒன்று கேட்டார் பாருங்கள். "கீழே இருக்கிற பழைய துளையை சிமெண்ட் வெச்சு அடைச்சிடவா?" என்றார். "அதைத் தொடாதே!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் கையிலிருந்த கரணை தரையில் விழுந்தது. மேலே கேஸ் வெளியே போக ஒரு வழி என்றால், கீழே புதுக் காற்று உள்ளே வர ஒரு வழி வேண்டாமா? அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் நான் அப்படிக் கத்தினதற்குக் காரணம் அது இல்லை. டாக்குரியாவில் ஒரு வீட்டில், ஒரு தை மாதக் காலையில், பதினாறு பேர் இருந்த வீட்டில், தரையை ஒட்டிய ஒரு துளையில் யாரோ துண்டைத் திணித்திருந்தார்கள். அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கதையை அந்த இரண்டு பேருக்கும் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிப்போய்விட்டது. "இதை எழுதி வைங்க காகு" என்றார் மூத்தவர். நம் தமிழ்ச் சங்க மலருக்கு எதையாவது எழுது என்று செயலாளரும் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் எட்டாவதோடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திப் போடுங்கள், விஷயத்தை மட்டும் திருத்தாதீர்கள்.

என் அப்பா கார்டன் ரீச்சில் ரயில்வே கலாசி, சாமான் தூக்கும் தொழிலாளி. நாங்கள் குவார்ட்டர்ஸில் வளர்ந்தோம். எனக்குப் படிப்பு ஏறவில்லை. கணக்குப் பரீட்சை என்றால் முதல் நாளே வாந்தி எடுப்பேன், அப்படி ஒரு பயந்த சுபாவம். கடைசியில் தெரிந்தவர் ஒருவர் கேஸ் ஏஜென்சியில் சேர்த்துவிட்டார். பயப்படுகிறவனுக்கு இதைவிடப் பொருந்தாத வேலை உண்டா என்று அம்மா அழுதாள். இதைவிடப் பொருந்துகிற வேலை இல்லை என்று சொன்ன ஒரே ஆள் எங்கள் பெரிய மெக்கானிக், ஹால்தார்தா. "தா", "தாதா" என்றால் அண்ணன்.

ஹால்தார்தா ஒடிசலான மனுஷர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தோள்பையில் ஒரு ஸ்பானர், ஒரு சோப்பு டப்பா, முகச்சவரம் செய்கிற பிரஷ் ஒன்று, அவ்வளவுதான். ஒரு வீட்டுக்குள் போனால் பையைக் கீழே வைக்கமாட்டார். முதலில் ஜன்னலைப் பார்ப்பார். ஜன்னல் திறக்கிறதா, அல்லது பெயிண்ட் ஒட்டிக்கொண்டு வெறும் அலங்காரமா என்று தள்ளிப் பார்ப்பார். அடுத்து எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தேடுவார். அது சமையலறைக்கு வெளியே இருந்தால் முகத்தில் ஒரு திருப்தி வரும். கடைசியாக, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குப்புறப் படுத்துவிடுவார். அடுத்தவர் வீட்டுத் தரையில்!

முதல் நாள் நான் நின்றுகொண்டே மூக்கை உறிஞ்சியதைப் பார்த்து, "முருகேஷ், கேஸ் படுத்துக்கிட்டிருக்கு. நீ நின்னுக்கிட்டு யாரைத் தேடறே?" என்றார். நானும் படுத்தேன். அன்றைக்குப் படுத்தவன், வேலையிலிருந்து ஓய்வு பெறும் நாள்வரை படுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும். மூடின அலமாரிக்குள் வைக்கக் கூடாது. வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தைப் பார்க்க வேண்டும், அது பிய்ந்திருந்தால் சிலிண்டரைத் திருப்பி அனுப்ப வேண்டும். ரெகுலேட்டர் "டக்" என்று உட்கார வேண்டும். ரப்பர் டியூப் அடுப்பின் மூக்கில் ஒரு விரல் அகலமாவது ஏற வேண்டும், அடுப்புக்குப் பின்னால் சூட்டில் ஓடக் கூடாது. அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில், கல் மேடைமேல் இருக்க வேண்டும். ஜன்னலுக்கு நேர் எதிரே வைக்கக் கூடாது, காற்று தீயை அணைத்துவிடும். பிறகு பிரஷில் சோப்பு நுரையைத் தொட்டு ஒவ்வொரு இணைப்பிலும் பூச வேண்டும். தீக்குச்சியைக் கொளுத்திச் சோதித்தால் அன்றோடு வேலை போச்சு. நுரையில் கொப்புளம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார வேண்டும். வீட்டுக்காரர்கள் டீ கொடுத்தால் ஹால்தார்தா அந்தப் பத்து நிமிஷத்துக்கும் நீட்டி நீட்டிக் குடிப்பார். "டீ குடிக்கத்தான் உட்கார்ந்திருக்கான்னு நினைப்பாங்க. நினைக்கட்டும்" என்பார்.

எல்லாம் கற்றுக்கொண்டேன். மனசை அடக்க மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. கிளிப்பை முடுக்கினேனா என்று பாதி வழியில் சந்தேகம் வரும். பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பிப் போவேன். ஒரே வீட்டுக்கு ஒரே நாளில் மூன்று தரம் போயிருக்கிறேன். "என்னப்பா, எங்க வீட்டுப் பொண்ணு யாரையாவது பாக்க வர்றியா?" என்று ஒரு பெரியவர் நேராகவே கேட்டுவிட்டார்.

இதற்கு மேலும் ஒன்று நடந்தது. கார்டன் ரீச்சில் ஒரு நாலு மாடிக் கட்டடம். இரண்டாம் மாடியில் அடுப்பைப் பொருத்திவிட்டு இறங்கி வருகிறேன், படிக்கட்டில் குப்பென்று நாற்றம்.  "எல்லாரும் வெளியே வாங்க! மெயின் சுவிட்சைத் தொடாதீங்க!" என்று கத்தி, நாலு மாடியையும் தெருவில் நிறுத்திவிட்டேன். குளித்துக்கொண்டிருந்தவர் ஈரத்துண்டோடு வந்தார். ஹால்தார்தா வந்து படிக்கட்டில் ஏறினார், முதல் மாடிக் கதவு ஒன்றைத் தட்டினார், சிரிக்காமல் திரும்பி வந்தார். அங்கே சுட்கி சமைத்துக்கொண்டிருந்தார்கள், அதாவது கருவாடு. தெருவே சிரித்தது. அன்றிலிருந்து ஏஜென்சியில் எனக்குப் பெயர் "சுட்கி முருகேஷ்". சிலிண்டர் தூக்குகிறவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். டெலிவரிக்காரன் ஒருவன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடுவதுபோல நடித்துக் காட்டுவான்.

இந்தச் சிரிப்பு அடங்காத சமயத்தில்தான் டாக்குரியா வீடு வந்தது.

சேஷாத்ரி சார் பேங்க்கில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க வாடகை வீட்டில் இருந்துவிட்டு, ஏரிப் பக்கம் மூன்றாம் மாடியில் ஒரு ஃப்ளாட் வாங்கியிருந்தார். புது இணைப்புக்கு நான் போனேன். சமையலறை சின்னது. ஒரே ஜன்னல், அதுவும் மேடைக்கு மேலே, அதற்கு மேல் எக்ஸாஸ்ட் ஃபேன். நான் தரையை ஒட்டி, வெளிச்சுவரில் ஒரு செங்கல் அளவுக்குத் துளை போட்டு, எலி வராமல் இரும்புவலை வைக்கச் சொன்னேன். சாருக்குப் பிடிக்கவில்லை. புது டைல்ஸ் பதித்த சுவர்.

"ஜன்னல் இருக்கே, போறாதா?"

"போதாது சார். ரூல்."

துளை போட்டார்கள். நான் இரண்டு தரம் வந்து அளந்து பார்த்தேன். மூன்றாம் தரம் போனபோது சார் கதவைத் திறக்காமலே பேசினார். அன்று சாயங்காலம் ஏஜென்சிக்குப் போன் செய்து, "உங்க ஆள் வந்து வந்து பயமுறுத்தறான், என் ஆத்துக்காரி தூங்க மாட்டேங்கறா" என்று புகார் சொல்லிவிட்டார். மேனேஜர் என்னை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்டார். "இன்னும் ஒரு வீட்டிலிருந்து இந்த மாதிரி போன் வந்தா, நீ சிலிண்டர் தூக்கப் போயிடு" என்றார். பின்னால் யாரோ மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். இனிமேல் கேட்டதற்கு மட்டும் பதில், கேட்காததற்கு வாயைத் திறப்பதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

ஆனால் அலமேலு மாமி, சாரின் மனைவி, என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "அவர் பேசினதை மனசுல வெச்சுக்காதே முருகேசா. வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம். காலம்பற ஆறு மணிக்கு வந்துடு. அடுப்பை நீயே ஒரு தடவை பார்த்துக் குடு. அப்புறம் இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

தை மாதம் கல்கத்தாவில் வாடைக் காற்று எலும்பில் இறங்கும். ஆறு மணிக்குப் போனேன். மூன்றாம் மாடி ஏறும்போதே சாம்பிராணிப் புகை. எதிர் ஃப்ளாட் பெங்காலி அம்மா, எல்லாரும் பௌதி என்று கூப்பிடுகிற அண்ணியம்மா, தன் வீட்டுத் தூபக்காலையும் கொண்டுவந்து, தேங்காய் நாரைப் போட்டுப் புகை போட்டுக்கொண்டிருந்தார். கூடத்தில் பதினைந்து பதினாறு பேர். நடுவில் செங்கல் அடுக்கி ஹோமகுண்டம் தயாராக இருந்தது. சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில், காற்றுப் படாத மூலையில், பாய் விரித்து மாமியின் பேரக் குழந்தையைப் படுக்கவைத்திருந்தார்கள். நாலு மாதக் குழந்தை. நல்ல தூக்கம்.

சமையலறைக்குள் போனேன். அடுப்புக்கு எதிர்ச் சுவரில், மார்பு உயரத்தில் சுவாமி அலமாரி. அதில் வெள்ளிக் குத்துவிளக்கு, ஐந்து முகமும் எரிந்துகொண்டிருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. கீழே பார்த்தேன். துளையில் ஒரு வெள்ளைத் துண்டு, அழுத்தித் திணித்திருந்தது.

சார் பின்னாலேயே நின்றார். "காத்துல விளக்கு ஆடறது. இன்னிக்கு மட்டும்தான். விளக்கு அணையப்படாது" என்றார். என் கண் அங்கே போனதை அவர் கவனித்துவிட்டார். "என்ன, இதுக்கும் ஏதாவது ரூல் இருக்கா?"

சொல்ல வாயைத் திறந்தேன். மேனேஜர் முகம் ஞாபகம் வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவன் ஞாபகம் வந்தது. "இல்லை சார்" என்றேன்.

சோப்பு நுரை போட்டுப் பார்த்தேன். ஒரு கொப்புளம் இல்லை. என் வேலை சுத்தம். அதையே பத்து தரம் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

முகூர்த்தம் வந்தது. பெரிய வெண்கலப் பானையில் பால். மாமி அடுப்பைப் பற்றவைத்து, முழுசாகத் திறந்துவிட்டார். பால் கிழக்குப் பக்கம் பொங்க வேண்டும் என்று எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். பொங்கியது. சும்மா பொங்கவில்லை, பானை விளிம்பு முழுக்கப் பொங்கி, அடுப்பின்மேல் கொட்டி, "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். பௌதி நாக்கைச் சுழற்றி, நம் குலவை மாதிரி, உலு சத்தம் போட்டார். "பொங்கிடுத்து! பொங்கிடுத்து!" என்று சார் குழந்தை மாதிரிக் கையைத் தட்டினார். யாரோ துணியைப் பிடித்துப் பானையை இறக்கிச் சுவாமிக்கு நைவேத்தியம் செய்தார்கள். பால் தீய்ந்த வாடை. அடுப்பு எரியவில்லை. எரியவில்லை என்பதால் யாரோ அணைத்திருக்கிறார்கள் என்று எல்லாரும் நினைத்தோம். நானும்தான் நினைத்தேன். முப்பது வருஷ வேலையில் இதை மட்டும் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அடுப்பின் குமிழைப் பார்க்கவில்லை. பாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விளக்குக்குக் காற்றுப் படாமல் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் கூடத்துக்கு வந்தோம். ஹோமம் செய்துவைக்க வந்த வாத்தியார் சங்கல்பம் ஆரம்பித்தார். பெரியவர்கள் நாற்காலியில், மற்றவர்கள் தரையில். நான் கடைசியாக, சமையலறைக் கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்தேன். என் முழங்காலுக்குப் பக்கத்தில் குழந்தையின் பாய்.

கால் மணி நேரம் இருக்கும். சாம்பிராணிக்கு அடியில் ஒரு வாடை. வந்தது, போனது.  தீய்ந்த பால்தான் என்று சொல்லிக்கொண்டேன். பௌதி வீட்டில் இன்றைக்கு என்ன சமையலோ என்று சொல்லிக்கொண்டேன். மறுபடியும் வந்தது. சுற்றிலும் பார்த்தேன். யார் முகத்திலும் ஒன்றும் இல்லை. நாற்காலியில் இருக்கிறவர்கள் மூக்கு மேலே, என் மூக்கு கீழே. இந்தக் கூட்டத்தில் எழுந்து கத்தி, அது கருவாடாக இருந்தால்? ஒரு பிராமண வீட்டில், ஹோமத்தின் நடுவில்?

கத்தவில்லை. அதற்குப் பதில் ஒரு காரியம் செய்தேன். எழுந்து, ஹோமகுண்டத்தைப் பார்த்துக் கையைக் கூப்பி, நெடுஞ்சாண்கிடையாக நமஸ்காரம் செய்தேன். மூக்கைத் தரையில் வைத்து மூச்சை இழுத்தேன். யாரோ பின்னால், "என்ன பக்தி பாரு" என்று சொன்னது காதில் விழுந்தது.

கருவாடு இல்லை. சந்தேகமே இல்லை. கேஸ் கதவிடுக்கு வழியாகத் தரையோடு தரையாக, குழந்தையின் பாயைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.

எழுந்திருக்கிறேன்.  அந்த நேரம் பார்த்து வாத்தியார், "மாமி, உள்ளேர்ந்து அக்னி கொண்டு வாங்கோ" என்றார். ஹோமத்துக்கு நெருப்பை வீட்டுக்காரம்மாதான் சமையலறை அடுப்பிலிருந்து கொண்டுவர வேண்டும், அது முறை. மடிசார் கட்டியிருந்த மாமி, ஒரு கையில் கற்பூரத் தட்டு, ஒரு கையில் தீப்பெட்டி, சமையலறைக் கதவைத் தள்ளினார்.

நான் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். மடி ஆசாரத்தோடு இருந்த மாமியின் கையை. தட்டு விழுந்து கற்பூரம் உருண்டது.

"ஏய்! என்ன பண்றே?" சார் எழுந்துவிட்டார்.

"கேஸ்! மாமி, தீப்பெட்டியைக் குடுங்க! எல்லாரும் வெளியே போங்க! குழந்தையைத் தூக்குங்க, முதல்ல குழந்தையைத் தூக்குங்க!"

"கேஸா? இரு, ஃபேனைப் போடறேன்." சாரின் கை கதவுக்கு வெளியே இருந்த எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சுக்குப் போகிறது. நான் மாமியிடமிருந்து தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். வாத்தியார்தான் அந்தக் கையைத் தட்டிவிட்டார். "சார், சுவிட்சுல நெருப்புப் பொறி வரும். நகருங்கோ. எல்லாரும் படி இறங்குங்கோ, லிஃப்ட் வேண்டாம்!" மந்திரம் சொல்கிற அதே குரலில் சொன்னார். அந்தக் குரலுக்கு ஜனங்கள் கட்டுப்பட்டார்கள். மாமியின் மகள் குழந்தையை நெஞ்சோடு அள்ளிக்கொண்டு ஓடினதைப் பார்த்தேன். பௌதி கங்கு கனன்ற தூபக்காலைத் தூக்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் ஓடினார்.

உள்ளே போனேன். போகத் தைரியம் வந்தது என்று சொன்னால் பொய். போகாமல் இருக்க இன்னும் அதிகமாகப் பயந்தேன். குமிழ் முழுசாகத் திறந்திருந்தது. மூடினேன். ரெகுலேட்டரை மூடினேன். எதிர்ச் சுவரில் குத்துவிளக்கின் ஐந்து முகமும் அமைதியாக எரிந்துகொண்டிருந்தது. கேஸ் இன்னும் அந்த உயரத்துக்கு வரவில்லை. ஜன்னலைத் திறந்தால் காற்று வந்து கேஸைக் கிளறும், அப்போது அங்கே நெருப்பு இருக்கக் கூடாது. ஊதினால் பொறி பறக்கும், சுவாமி விளக்கை ஊதுவதும் தப்பு என்று தோன்றிற்று. ஒவ்வொரு திரியாக விரலால் நசுக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. வாசலில் நின்று சார் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயோ, விளக்கை அணைக்கறானே" என்று அவர் சொன்னது மற்ற எல்லாச் சத்தத்தையும்விட எனக்கு நன்றாகக் கேட்டது.

பிறகு ஜன்னலைத் திறந்தேன், கூடத்துக் கதவு ஜன்னல்களையும் திறந்தேன். நானும் கீழே இறங்கினேன். கீழ் வீட்டுப் போனில் ஹால்தார்தாவைக் கூப்பிட்டேன். கேஸ், டாக்குரியா வீடு என்று மட்டும் சொன்னேன். "நான் வரேன். யாரையும் மேலே ஏறவிடாதே" என்றார், அவ்வளவுதான்.

தெருவில் பட்டுப்புடவையும் பஞ்சகச்சமுமாக எல்லாரும் குளிரில் நின்றோம். சார் என்னோடு பேசவில்லை. வாத்தியாரிடம் திரும்பத் திரும்ப, "நல்ல நாளும் அதுவுமா விளக்கு அணைஞ்சுடுத்து. இந்த வீட்டுல எப்படிக் குடியிருக்கறது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்காகச் சேர்த்த வருஷங்களெல்லாம் அவர் முகத்தில் தெரிந்தன. நான் என் விரல் நுனியில் எழும்பிய கொப்புளங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஹால்தார்தா வந்தார். மேலே நாங்கள் நாலு பேர் மட்டும் போனோம், சார், மாமி, அவர், நான். அவர் பையைக் கீழே வைக்கவில்லை. கோலம் போட்ட தரையில் குப்புறப் படுத்து, மூலை மூலையாக ஊர்ந்து மோந்தார். எழுந்து ஒவ்வொரு இணைப்பிலும் நுரை பூசினார். கொப்புளம் இல்லை. பர்னரில் ஒட்டியிருந்த பாலாடையைக் கட்டைவிரலால் வழித்துப் பார்த்தார். "பால் தீயை அணைச்சிருக்கு. குமிழ் திறந்தபடியே" என்றார் பெங்காலியில். கடைசியாகத் துளைப் பக்கம் குனிந்தார். துண்டைப் பார்த்தார். தொடவில்லை.

"இதை நீ எப்போ பார்த்தே, முருகேஷ்?"

பொய் சொல்லியிருக்கலாம். மாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "வந்தவுடனே, தாதா. ஆறு மணிக்கு."

"அப்போலேர்ந்து வாயில என்ன வெச்சிருந்தே?"

"பயந்துட்டேன்."

"கேஸுக்கா?"

"இல்லை தாதா. சிரிப்பாங்கன்னு."

அவர் பிரஷை உதறித் துடைத்துப் பைக்குள் வைத்தார். பிறகு கேட்டார்: "துளை எதுக்குன்னு இவங்களுக்குச் சொல்லியிருக்கியா?"

"ரூல்னு சொன்னேன்."

"ரூலை யார் வேணா ஒரு துண்டால அடைச்சிடுவாங்க. காரணம் தெரிஞ்சிருந்தா அடைச்சிருக்க மாட்டாங்க." அதற்கு மேல் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நாற்பது வருஷம் கல்கத்தாவில் இருந்தவர்களுக்குப் பெங்காலி புரியாதா? சார் தலையைக் குனிந்துகொண்டார். "நான்தான் அடைச்சேன். காத்துல விளக்கு ஆடித்து" என்றார், யாரிடம் என்று தெரியாமல்.

நான் அப்போதுதான், அந்த வீட்டில் முதல்முறையாக, காரணத்தைச் சொன்னேன்.  கேஸ் தண்ணீர் மாதிரி, சார். மேடையிலிருந்து வழிந்து தரையில் தேங்கும். சாக்கடைத் துளை இருந்தால் தண்ணீர் போகும், இல்லையா? இந்தத் துளை அதுதான். இது திறந்திருந்தால் அடுப்பு அணைந்தும் பாதிக்கு மேல் வெளியே போயிருக்கும். அடைத்ததால் கூடத்துப் பக்கம் திரும்பி, குழந்தை படுத்திருந்த பாய்வரை வந்துவிட்டது.

மாமி குனிந்தார். மடிசாரை ஒதுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் அந்தத் துண்டைப் பிடித்து இழுத்தார். அது வரவில்லை, அப்படித் திணித்திருந்தது. இன்னொரு தரம் இழுத்தார். வந்தது. ஐஸ் மாதிரிக் காற்று எங்கள் காலில் அடித்தது.

"வாத்தியாரைக் கூப்பிடுங்கோ. இன்னும் நாழி இருக்கான்னு கேளுங்கோ" என்றார் சாரிடம்.

"மறுபடி ஏத்தி, மறுபடி காத்துல அணைஞ்சா?"

"அணையாது. நான் பக்கத்துலயே நிக்கறேன்."

"ஹோமம் முடியற வரைக்குமா? நீ என்கூட மணையில உட்காரணுமே?"

"பால் பொங்கற வரைக்கும் நான் நிக்கறேன். அப்புறம் உங்க பொண்ணு நிப்பா. பதினாறு பேர் வந்திருக்கா, ஒரு விளக்குக்குக் கை வெச்சுக்க ஆளா இல்லை? தீப்பெட்டியைக் குடு முருகேசா. இன்னும் கையிலேயே வெச்சிண்டிருக்கே."

நான் குனிந்து பார்த்தேன். ஆமாம், என் முஷ்டிக்குள் அது நசுங்கிப்போயிருந்தது.

வாத்தியார் பஞ்சாங்கத்தைப் புரட்டி, இன்னும் நல்ல நேரம் இருக்கிறது, தாராளமாகப் பண்ணலாம் என்றார். ஹால்தார்தா சரி சொல்லும்வரை யாரும் மேலே வரவில்லை. அவர் இன்னொரு முறை படுத்து மோந்து, தலையை ஆட்டினார். எல்லாரும் படி ஏறி வந்தார்கள். கீழே துளை திறந்திருந்தது, மேலே ஜன்னலும் பாதி திறந்திருந்தது. மாமி விளக்கை ஏற்றினார். காற்றில் ஐந்து சுடரும் ஒரே பக்கம் சாய்ந்தன. அவர் இரண்டு உள்ளங்கையையும் குவித்து அதைச் சுற்றி வைத்துக்கொண்டு, அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"இந்தத் தடவை அடுப்புப் பக்கத்துல நீ நில்லு" என்றார் என்னிடம், திரும்பாமல்.

"நானா மாமி?"

"பின்ன? நானா?"

சின்னப் பாத்திரமாக எடுத்தோம். பாலும் குறைவு. சார் என் பக்கத்தில் வந்து நின்றார். நான் தீக்குச்சியைக் கிழிக்க, மூன்று குச்சி உடைந்தது. நாலாவதை சார் கிழித்துக் கொடுத்தார். தீ நீலமாகப் பிடித்தது. குமிழில் கையை வைத்தேன், எடுக்கவில்லை.

கூட்டம் நெருக்கி அடித்துக்கொண்டு பின்னால் நின்றது. "வரது, வரது" என்றார் யாரோ. நான் தீயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். தீயை இறக்கினேன். ஓரத்தில் ஒரு துளி விழுந்தது, "ஸ்" என்றது, அந்த இடத்தில் தீ மஞ்சளாகித் தள்ளாடிற்று, மறுபடி நீலமாயிற்று. பின்னால் பௌதியின் உலு சத்தம் கேட்டது.

"பொங்கிடுத்தா முருகேசா?" என்று விளக்கைப் பிடித்தபடியே மாமி கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. "சாரைக் கேளுங்க மாமி," என்றேன், "நான் பாலைப் பார்க்கலை."